கடைவீதியில் ஒரு டீப் மிட்விக்கெட்

"கடைக்கு முன்னால நாலடி விட்டு வைங்கய்யா, நாளைக்கு..." என்று இளையபெருமாளின் அப்பா சிவனணைந்தான், செவக்காட்டூர் வர்த்தகர் சங்க வெள்ளிவிழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். நாளைக்கு யார் வருவார்கள் என்று சொன்னார் என்பதுதான் மகனுக்கு மறந்துபோயிருந்தது, ஏனென்றால் அப்போது பன்னிரண்டு வயதான மகன் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து ஓசிக் கலர் குடித்துக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வருடம் வளைகுடா நாடுகளில் சர்வேயராக மணலை அளந்துவிட்டு நாற்பத்தெட்டாவது வயதில் ஊர் திரும்பிய இளையபெருமாள், அந்தப் பேச்சைக் கேட்டதாகச் சொல்லிக்கொண்ட எல்லோரிடமும் விசாரித்துப் பார்த்தார். நாளைக்கு வாடிக்கையாளர் வருவார் என்று சொன்னதாக ஜவுளிக்கடைக்காரர் சொன்னார், தீயணைப்பு வண்டி வரும் என்று சொன்னதாக டீக்கடை சங்குமணி சொன்னான், தேர் வரும் என்றுதான் சொன்னார், நான் முதல் வரிசையில் இருந்தேன் என்று பாத்திரக்கடைப் பெரியவர் சத்தியமே செய்தார். இப்படி நினைவு வைத்திருந்தவர்களில் ஒருவர்கூட நாலடி விட்டிருக்கவில்லை, ஆளுக்கு ஆறடி ரோட்டுக்குள் நீட்டியிருந்தார்கள்.

அப்பாவின் கயிற்றுக்கடையை இடித்துத் தரைமட்டமாக்கி, முப்பதடி அகலமும் நாற்பதடி ஆழமுமான அந்த மனையில் மூன்று மாடி வணிக வளாகம் எழுப்ப வரைபடமும் கையுமாக, சங்கத்தின் தடையில்லாக் கடிதத்துக்காக அவர் நடையாய் நடந்துகொண்டிருந்த பங்குனியில்தான், கடலுக்கு அப்பால் தென்கோடி நாடொன்றில் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை தொடங்கியது. தொடங்கியது செவக்காட்டூருக்குத் தெரியாது. ஆண்கள் ஆடினால் கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே டிவி வைக்கும் ஊர், பெண்கள் ஆடுகிறார்கள் என்றால் 'அப்படியா' என்று கேட்டுவிட்டுச் சேனலை மாற்றும். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, நீலச் சட்டையும் நீலக் கால்சட்டையும் முதுகில் நாற்பத்தொன்று என்ற எண்ணுமாக ஒரு பெண் அந்த வெற்று மனையின் வாசலுக்கு வந்து, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வைத்த கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவள் எங்கோ நடக்கும் ஆட்டத்தின் எல்லைக்கோட்டருகே, டீப் மிட்விக்கெட் என்னும் இடத்தில், பந்து தடுக்க நிறுத்தப்பட்டவள் என்பது யாருக்கும் விளங்கவில்லை. ஊருக்கு விளங்கியதெல்லாம் ஒரு பொம்பளை கடைவீதியில் நிற்கிறாள் என்பதுதான்.

செவக்காட்டூர்க் கடைவீதியில் பெண்கள் நடப்பார்கள், பேரம் பேசுவார்கள், வாங்குவார்கள், போவார்கள். நிற்கமாட்டார்கள். நிற்பது ஆண்களின் வேலை. காலை ஏழு மணிக்கு வந்து நிற்பவர்கள் வெயில் ஏற ஏற நிழலோடு சேர்ந்து நகர்ந்து நிற்பார்கள். வேலையில்லாதவர்கள் நிற்பார்கள், வேலை உள்ளவர்கள் அதைவிட அதிகம் நிற்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டி நிற்பார்கள், எதிரில் யாராவது வந்தால் இறக்கிவிட்டு நிற்பார்கள், அவர் போனதும் மறுபடி மடித்துக் கட்டி நிற்பார்கள். எதற்காக நிற்கிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. அவளைக் கேட்டார்கள்.

"யாரும்மா நீ? யாரத் தேடுத?"

"காது கேக்காதோ என்னமோ."

"வீட்ல ஆம்பள யாரும் இல்லையோ? பேன்ட்டப் போட்டுக்கிட்டு நடு பஜார்ல நிக்கா!"

மனையின் ஓரத்தில் கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்த சொர்ணக்கிளி, கணவனைப் புதைத்தும் மகளைக் கட்டிக்கொடுத்தும் முடித்துவிட்டு இனி யாருக்கும் பயப்படத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தவள், ஒரு கொய்யாவைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பிள்ள வேலையா நிக்கு வே. ஒங்கள மாதிரியா நிக்கு?"

அப்போது பஸ் ஸ்டாண்டு மணிக்கூண்டுக்கு மேலாக ஒரு வெள்ளைப் பந்து பறந்து வந்து, பழனி போகிற பஸ்ஸின் தலைக்கு மேல் தாழ்ந்து, ரோட்டில் குத்தி எழும்பியது. அவள் நாலெட்டில் பாய்ந்து அதைப் பிடித்து, வந்த திசைக்கே விட்டெறிந்தாள். பிறகு கைகளைத் தட்டிக்கொண்டு இரண்டு பஸ்களுக்கு நடுவே ஓடி மறைந்தாள். ஒரு ஓவர் கழித்து மறுபடி வந்து அதே இடத்தில் நின்றாள். எதிரில் டீக்கடையில் செய்திக்காகச் சேனல் மாற்றிக்கொண்டிருந்த சங்குமணி, டிவியில் பச்சைப் புல்வெளியின் விளிம்பில் அதே நாற்பத்தொன்றாம் எண் நிற்பதைப் பார்த்தான், வெளியே வந்து பார்த்தான், உள்ளே போய்ப் பார்த்தான், அதற்குள் பால் பொங்கி வழிந்தது. பேரு ஜுமுர் பர்மன் என்று டிவியில் போட்டதைப் படித்துச் சொன்னான். "டிவில கொஞ்சம் ஒசரமாத் தெரியுதா" என்றும் சொல்லிவிட்டு, அடுப்பைத் துடைத்து வேறு பால் வைத்தான். அவ்வளவுதான் செவக்காட்டூரின் ஆச்சரியம். அன்று சாயங்காலம் ஊர் விவாதித்தது கடல் கடந்த மைதானம் எப்படிக் கடைவீதிவரை நீண்டது என்பதை அல்ல, கால்சட்டையை.

இளையபெருமாள் மட்டும் கீழே பார்த்தார். அவள் நிற்கும்போதெல்லாம் மனையின் பின்பக்கத்தில், சுவருக்குச் சுவர், மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வெள்ளைக் கயிறு, ஆட்டத்தின் எல்லைக்கயிறு, தரையில் கிடந்தது. அவள் போனால் கயிறும் போனது. கயிற்றுக்கடைக்காரன் மகனுக்கு அது நைலான் என்று பார்த்ததுமே தெரிந்தது. சர்வேயருக்குக் கை சும்மா இருக்கவில்லை. டேப்பை எடுத்து, அவள் குதிகாலிலிருந்து கயிறுவரை அளந்தார். முப்பத்தாறு அடி. அடுத்த ஆட்டத்தில், உயரே வந்த ஒரு பந்துக்காக அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்பக்கமாக மனைக்குள் ஓடியபோது, அவள் ஓடிய தடத்தை அவர் சுண்ணாம்புத் தூளால் கோடிட்டார். அந்தக் கேட்சை அவள் விட்டுவிட்டாள்; சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் ஏர் ஹார்ன் அடித்திருந்தான். நின்றுகொண்டிருந்த ஆண்கள் எல்லோரும், வாழ்நாளில் தங்கள் மடியில் விழுந்த சாவியைக்கூடப் பிடித்திராதவர்கள், ஒரே குரலில் அவளைத் திட்டினார்கள்.

"காலுக்குக் கீழ பாத்து ஓடத் தெரியல. சமையக்கட்டுல இருக்க வேண்டியது."

"கைய இப்படி வைக்கணும் தாயி, இப்படி!" என்று ஜவுளிக்கடைக்காரர் வாசலில் இறங்கி வந்து வெறுங்கையால் காட்டினார். அவர் ஜாடையைக் காற்று பார்த்தது.

மூன்றாவது ஆட்டம், நான்காவது ஆட்டம் என்று போகப் போக மனையில் சுண்ணாம்புக் கோடுகள் விசிறிபோல விரிந்தன. எல்லாக் கோடுகளும் அவள் நின்ற வாசலில் தொடங்கி, கயிற்றை நோக்கிப் பின்னால் போயின. அவள் எவ்வளவு இடம் கேட்கிறாள் என்பது அங்குலம் அங்குலமாக அவருக்குத் தெரிந்திருந்தது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"என்ன அண்ணாச்சி, கோலம் பழகுதியளா?" என்றாள் சொர்ணக்கிளி. "வீட்ல அக்காகிட்டச் சொல்லிரட்டா, மார்கழிக்கு ஆள் ரெடின்னு?" கேலி செய்தாளே தவிர, ஆட்டம் உள்ள நாளில் பத்தேகாலுக்கு முன்னால் தன் கூடையைத் தூக்கிக் கோடுகளுக்கு வெளியே வைத்துவிடுவாள். அவளை யாரும் நகரச் சொல்லவில்லை. மற்றவர்கள் யாரும் நகரவுமில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில் ஜுமுர் பர்மன் கயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் பாய்ந்து விழுந்து ஒற்றைக் கையால் ஒரு கேட்சைப் பிடித்தாள். முழங்கை கிழிந்து ரத்தம் சுண்ணாம்பில் சொட்டியது. அணி அரையிறுதிக்குப் போனது, மறுநாள் நாட்டுப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அவள் படம் வந்தது, அன்று மத்தியானத்துக்குள் செவக்காட்டூருக்கு அவள் நம்ம பிள்ளை ஆகிவிட்டாள். கால்சட்டையைப் பற்றிப் பேசியவர்களைக் காணோம். பேசியது யாரென்று விசாரித்தால் பக்கத்து ஊர்க்காரன் என்றார்கள். பர்மன் என்பது வர்மன்தான், வர்மன் என்றால் எங்கள் ஆட்கள்தான் என்று ஒரு சமூகத்தார் போஸ்டர் ஒட்டினார்கள்; இல்லை எங்கள் ஆட்கள்தான் என்று இன்னொரு சமூகத்தார் அதன்மேல் ஒட்டினார்கள்; மூன்றாவதாக ஒரு சமூகத்தார் அதற்கும் மேல் ஒட்டினார்கள்; எங்கோ கிழக்கே ஒரு பெரிய ஆற்றங்கரையில், சேறு மிதித்து மீன் பிடிக்கும் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு ஒரே வாரத்தில் மூன்று குலதெய்வங்கள் கிடைத்தன. இதற்கிடையில் பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், அவள் நிற்கும் நாட்களில் மனை ஓரமாக வந்து, புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு, அவளைப் போலவே முழங்காலில் கையூன்றி நிற்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை மட்டும் ஊர் விரட்டியது. உலகப் புகழ் பெற்ற பெண் நிற்கலாம், வீட்டுப் பெண்கள் எதற்கு நிற்க வேண்டும்?

அரையிறுதியும் ஜெயித்து இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று ஆனதும், வர்த்தகர் சங்கத் தலைவர் தவசிலிங்கம் இளையபெருமாளின் வீட்டுக்கே வந்தார். இரும்புக்கடை முதலாளி, தான் பேசாத கூட்டத்தைக் கூட்டமென்று ஒப்புக்கொள்ளாதவர். கையில் ஃப்ளெக்ஸ் பேனருக்கான மாதிரி இருந்தது.

"தம்பி, பிள்ளைக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கணும். ஜெயிச்ச கையோட சால்வை போட்டிரணும். அப்புறம் அது வருமோ வராதோ."

"எங்க வச்சு அண்ணாச்சி?"

"அது நிக்கிற எடத்துலதான. ஒங்க மனையில மேடை போட்டா, வாசல்ல நிக்கிற பிள்ளைக்கு நாலு படி எறங்கி வந்து போட்டிரலாம். ஊருக்குள்ள வேற எங்க வெத்து எடம் கெடக்கு?"

இளையபெருமாள் கோடுகளை நினைத்தார். வாயைத் திறந்தார். "அது பின்னால ஓடுற எடம்லா..."

"ஒரு மணி நேரம் தம்பி. கடைசிப் பத்து ஓவர். அந்தப் பத்து ஓவர்ல பந்து சரியா நம்ம மேடைக்கா வரப்போகுது?" தவசிலிங்கம் மாதிரியை விரித்தார். அதில் ஜுமுர் பர்மனின் படம் தபால்தலை அளவில் ஒரு மூலையில் இருந்தது. தவசிலிங்கம் ஆளுயரத்துக்கு இருந்தார். அவருக்குக் கீழே இளையபெருமாளின் பாஸ்போர்ட் புகைப்படமும், 'நிகழ்விடம் உபயம்: சிவனணைந்தான் மகன் இளையபெருமாள்' என்ற எழுத்துகளும் இருந்தன. "ஒங்க லெட்டரும் ரெடியாத்தான் இருக்கு. திங்கக்கெழம கையெழுத்துப் போட்டிருதேன்."

திரும்பி வந்த ஒரு வருடமாக ஊர் அவரை வெளிநாட்டுக்காரர் என்றே அழைத்துவந்தது. கடிதத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். அது அரைப் பொய். அப்பா பெயரோடு தன் பெயர் கடைவீதியில் தொங்கும் என்பதற்காக, அந்தப் பாஸ்போர்ட் புகைப்படத்துக்காக ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை மேடை கட்ட ஆட்கள் வந்தபோது சொர்ணக்கிளி எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, கட்டை போடுதாங்களே, இந்தப் பிள்ள எங்கிட்டு ஓடும்?"

"ஒரு நாள்தானக்கா."

"அது ஓடுறதும் ஒரு நாள்தான்" என்றாள் அவள். அவர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

மேடை மனையின் பின்பாதியை, பதினெட்டு அடியை, அடைத்துக்கொண்டது. சுண்ணாம்புக் கோடுகள் அதன் விளிம்புவரை வந்து அடியில் நுழைந்து மறைந்தன. ஞாயிறு மத்தியானம் நாலரை மணிக்கு மேடையில் பதினொரு நாற்காலி, பதினொரு பிரமுகர், தேங்காய் பழத் தட்டு, ஒரு மைக். கீழே செவக்காட்டூரே திரண்டிருந்தது. டீக்கடை டிவியைச் சங்குமணி வாசலுக்கு இழுத்து வைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தான். கடைசி ஓவர். எதிரணிக்கு இரண்டு பந்தில் நாலு ரன் வேண்டும், அவர்களுக்கு மிச்சம் ஒரே விக்கெட். ஜுமுர் பர்மன் வாசலில் குனிந்து நின்றாள். முழங்கையில் கட்டு. மைக்கில் தவசிலிங்கம், "வீரமங்கையே! எங்கள் குலவிளக்கே!" என்று ஆரம்பித்து, அவள் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மணிக்கூண்டுக்கு மேலே பந்து எழும்பியது. எழும்பி, வெயிலுக்குள் போய், ஒரு பருந்தைத் தாண்டி, இறங்குவதற்கு ஒரு யுகம் எடுத்துக்கொண்டது. ஊரே அண்ணாந்து பார்த்தது. அவளும் அண்ணாந்து பார்த்தபடியே பின்பக்கமாக ஓட ஆரம்பித்தாள், தன் கால்களுக்குப் பழகிய தடத்தில், இளையபெருமாள் இட்ட நடுக்கோட்டில், ஆறடி, பத்தடி, பதினாலடி, கைகளைக் கிண்ணம்போலக் கூட்டிக்கொண்டு. கூட்டத்தின் முதல் வரிசையில் இருந்த இளையபெருமாள், "மேடையத் தூக்குங்கடே!" என்று தன் தொண்டையில் இருப்பதே தெரியாத ஒரு குரலில் கத்தினார். பதினொரு பிரமுகர்களும் நாற்காலியில் அப்படியே இருந்தார்கள். பதினெட்டாவது அடியில் அவள் இடுப்பு மேடை விளிம்பில் மோதியது. உடம்பு நின்றது. கைகள் மட்டும் பின்னால் நீண்டன. பந்து அவள் விரல்களைத் தாண்டி, விளிம்பிலிருந்து சரியாக நாலடி உள்ளே, தேங்காய்த் தட்டுக்கும் மடித்து வைத்த சால்வைக்கும் நடுவே விழுந்து, ஒரு துள்ளு துள்ளிக் கயிற்றுக்கு அப்பால் உருண்டது.

டிவியில் மேடை இல்லை. டிவியில் ஒரு பெண் பரந்த பச்சைப் புல்வெளியில், எதிரில் ஒன்றுமில்லாமல், பின்னால் ஒன்றுமில்லாமல், சுவரில் முட்டியதுபோல நின்றுவிட்டாள். பந்து அவளுக்குப் பின்னால் விழுந்து எல்லையைத் தாண்டியது. ஏன் நின்றாள் என்று வர்ணனையாளர்களுக்குப் புரியவில்லை. பத்துக் கோணத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள், பத்துக் கோணத்திலும் அவள் காரணமில்லாமல் நின்றாள்.

மனையில் அவள் மெதுவாகத் திரும்பினாள். பின்னாலிருந்த காற்றைக் கையால் தடவினாள். கை மேடைப் பலகையில் பட்டது. பலகையைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தவள், இத்தனை நாளில் முதல்முறையாக ஊரைப் பார்த்தாள்; ஊரில் இளையபெருமாளைப் பார்த்தாள். தன் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். செவக்காட்டூரில் வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. வளைகுடாவில் இருபது வருடம் அவருக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர்கள் எல்லோரும் அந்த ஆற்றங்கரைக்காரர்கள் என்பதால் அவருக்குப் புரிந்தது. 'இங்கே இடம் இருந்ததே' என்று சொன்னாள்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பஸ்களுக்கு நடுவே நடந்து போனாள். கயிறும் போனது.

அன்று சாயங்காலமே டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

"சும்மா நின்னுட்டா வே! வெறும் பொட்டல்ல நின்னுட்டா!" என்று சொன்னவன் மேடைக்குச் சவுக்குக்கட்டை ஊன்றியவன்.

"நாந்தான் அன்னைக்கே கை வைக்கிற விதத்தக் காட்டிக்குடுத்தேனே" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"பொம்பளைய ஆட்டம்னா இவ்வளவுதான்" என்று சங்குமணி சேனலை மாற்றினான். மூன்று சமூகத்தாரும் போஸ்டரைக் கிழித்தார்கள். பர்மனுக்கும் வர்மனுக்கும் சம்பந்தமே இல்லை என்று அறிக்கை வேறு விட்டார்கள். நாடு முழுவதும் அவளைக் காறித் துப்பிக்கொண்டிருந்தபோது, அவள் எதில் முட்டி நின்றாள் என்று தெரிந்த ஒரே ஊர், மேடை என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசியது. சால்வை வீணாகவில்லை, மறுவாரம் பணி ஓய்வு பெற்ற தாசில்தாருக்குப் போர்த்தினார்கள். தவசிலிங்கம் சொன்ன சொல் தவறாதவர், திங்கட்கிழமை காலையிலேயே தடையில்லாக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். தலைவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப் பளிச்சென்று விழுந்திருந்தது.

மேடையைப் பிரித்து எடுத்துப்போன இடத்தில் கோடுகள் பாதி அழிந்தும் பாதி அழியாமலும் கிடந்தன. வெள்ளிக்கிழமை கொத்தனார் மேஸ்திரி கம்பியும் நூல்கயிறுமாக அஸ்திவாரம் குறிக்க வந்தார். மணி பத்தேகால் ஆகப்போகிறது. உலகக் கோப்பை முடிந்து ஐந்து நாள் ஆகியும், சொர்ணக்கிளி எழுந்து, கொய்யாக்கூடையைத் தூக்கி, கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இந்தச் சுண்ணாம்பக் கூட்டித் தள்ளிரலாமா அண்ணாச்சி?" என்று மேஸ்திரி கேட்டார்.

இளையபெருமாள் வாசலிலிருந்து பின்சுவர்வரை ஒருமுறை நடந்துவிட்டு வந்தார். சட்டைப்பையிலிருந்த சங்கத்துக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். அந்த மனையில் எதுவும் கட்டுவதில்லை என்று முடிவு செய்தார்.